மூன்று முறை அழுகிய பலகை

படகின் மரம் அழுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவும், அழுகியதைத் தோண்டி எடுக்கவும், புதுப் பலகை வைத்து மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்தவும் பட்டறையில் உங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, முப்பத்தோரு வருடத்தில் கைபட்ட படகுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் சொல்வதற்கு எதுவும் இல்லை. வந்தன, சரியாயின, போயின. ஒரே ஒரு படகு மட்டும் இன்றுவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

இருபத்து நான்கு அடி ஃபைபர்கிளாஸ் பாய்ப்படகு. சொந்தக்காரர் பெயர் லோகநாயகி. மருத்துவமனையில் மூத்த தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறையில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். சிங்கப்பூரின் பிடோக் பகுதியில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அறுபது வயதில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, மறு வருடமே இந்தப் பழைய படகை வாங்கிவிட்டார். தங்கை மகனுக்குக்கூட வாங்கியபின்தான் சொன்னாராம்.

முதல் தடவை அவர் வந்தபோது குறை தெளிவாகத் தெரிந்தது. அந்த வகைப் படகில் பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போகாது. தளத்தின் மேலேயே ஓர் உலோகப் பாதத்தில் நிற்கும். பாதத்துக்கு அடியில், இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே, ஒரு பிளைவுட் பலகை இருக்கும். பாய்மரத்தின் எடையும் காற்றின் இழுப்பும் அந்தப் பலகையின் தலையில்தான் விழும். சிஸ்டருடைய படகில் பலகை அழுகி, தளம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. பழைய படகுதானே, எங்கேயோ விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை.

அந்த வேலையில் என்னோடு இருந்தவர் மரியதாஸ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் ஃபைபர் வள்ளம் கட்டும் இடத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு இங்கே வொர்க் பர்மிட்டில் வந்தவர். அதிகம் பேச மாட்டார். இருவரும் சேர்ந்து பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தோம். என் மனதுக்குத் திருப்தியாக இருந்த வேலை அது. சிஸ்டர் படகை எடுத்துக்கொண்டு போகும்போது, இனி பத்து வருடத்துக்கு இந்த இடத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒன்றரை வருடம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. கேபினுக்குள் இருக்கும் சின்னக் கதவு மூட மாட்டேன் என்கிறது என்றார். கதவுதானே என்று சிரிக்கத் தோன்றியது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. உபின் தீவைச் சுற்றி வரும்போது காற்று திடீரென்று ஏறியிருக்கிறது. பாய்மரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கம்பி வடங்களில் ஒன்று தொளதொளவென்று ஆடியிருக்கிறது. பயந்துபோய்ப் பாயை இறக்கிவிட்டு மோட்டாரிலேயே திரும்பி வந்திருக்கிறார். கதவு இடிப்பதற்கும் வடம் தொய்வதற்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க முடியும். தளம் அழுந்தி, பாய்மரம் கீழே இறங்கியிருக்கிறது.

தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் வைத்த புதுப் பலகை கறுத்து, தேநீரில் நனைத்த ரொட்டிபோல விரலுக்குப் பிய்ந்து வந்தது. பிழிந்தால் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. அப்படியானால் மழைத் தண்ணீர். தளத்தின் மேல் ரப்பர் குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தோம். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. ஈரம் காட்டும் மீட்டரை வைத்து ஓர் அடி தள்ளிப் பார்த்தால் காய்ந்த மரம். பலகை மட்டும் ஊறியிருக்கிறது, தண்ணீர் வர ஒரு வழியும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட அந்தப் படகையே சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்துப் படகில் வேலை செய்தவர், என்ன காசிம் பாய், மோதிரத்தைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

மூன்றாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நாம் செய்த வேலை ஒன்றரை வருடத்தில் ஏன் கெட்டது, வாடிக்கையாளருக்கு நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருட அனுபவக்காரன் என்று நாலு பேர் சொல்லிக் கேட்டுப் பழகியவனுக்கு அந்த ஒரு சொல் வாயில் வருவது கஷ்டம்.

அறைக்குள் நின்றபடியே முதல் முறை செய்த வேலையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பலகையை வெட்டியது நான். பொருத்தியது நான். பூச்சு, பாதம், திருகு எல்லாம் என் கண் முன்னால் நடந்தவை. நான் பார்க்காதது ஒரே ஒரு வேலை. அன்று வெள்ளிக்கிழமை. நான் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் மரியதாஸ் தனியாக, பலகையைப் பிடித்து இறுகும் ரெசினைக் கலந்து ஊற்றியிருந்தார். தப்பு நடந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ரெசின் கலவை சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்றேன். இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை முதலாளி காதில் வாங்கிக்கொள்ளவில்லை, நானும் அதை அழுத்திச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பலகையைப் பிய்த்தபோது ரெசின் கல்லுபோல இறுகியிருந்தது. கலவை கெட்டிருந்தால் அப்படி இறுகாது. அதை என் கை பார்த்தது, மனம் ஏற்கவில்லை.

மரியதாஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "சரியாத்தான் கலந்தேன் பாய்" என்று மட்டும் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று முதலாளி கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதது எனக்கு அன்று சௌகரியமாக இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அவருடைய பர்மிட் முடிந்தது. கம்பெனி புதுப்பிக்கவில்லை. நான் சொன்னதால்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி நாளில் என் மேசைக்கு வந்து, போய்விட்டு வருகிறேன் பாய் என்று கை கொடுத்தார். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றேன்.

இதற்கிடையில் சிஸ்டருடைய படகில் இரண்டாவது பலகையை நானே தனியாக வைத்தேன். ரெசினையும் நானே கலந்தேன். அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, ரெசின் வேலை முடிந்தபிறகுதான் தொழுகைக்குக் கிளம்பினேன்.

பதினொரு மாதம்தான் போனது. மறுபடியும் கதவு இடிக்கிறது என்று சிஸ்டர் கூப்பிட்டார்.

எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தடவை மரியதாஸ் இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் இல்லை. எல்லாம் என் கண் முன்னால் நடந்த வேலை. மார்சிலிங்கில் என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, படகுக்குப் பேய் பிடித்திருக்குமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மரத்தில்தான் குறையோ, விற்றவன் ஏமாற்றிவிட்டானோ, என் கண்ணே சரியில்லையோ என்று பல விதமாக ஓடியது. கண் டாக்டரைக்கூடப் பார்த்துவிட்டு வந்தேன்.

சிஸ்டர் அந்த மாதக் கடைசியில் தோழி ஒருவரோடு தியோமான் தீவுக்குப் பாய் விரித்துப் போவதாக இருந்தார். போயிருந்தால் நடுக்கடலில் பாய்மரம் சாய்ந்திருக்கும். இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

படகைப் பார்க்க, படகுகள் கட்டி நிற்கும் மரீனாவுக்குப் போனேன். மதிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. நான் மனமில்லாமல் கிரேனுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். பாய்மரத்தை இறக்கினால்தான் தளத்தைத் திறக்க முடியும். சிஸ்டர் கேபினுக்குள் இருந்து இரண்டு கோப்பை காப்பியோடு ஏறி வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"மிஸ்டர் காசிம், எனக்குப் படகு பத்தி ஒண்ணும் தெரியாது. ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

கேளுங்கள் என்றேன்.

"பேஷன்ட் வந்து, நின்னா கால் வலிக்குதுன்னு சொல்றாங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் படுக்க வெச்சுப் பாக்கிறீங்க. படுத்தா எங்க வலிக்கும்? ஒரு தடவ நிக்க வெச்சே பாருங்களேன்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு தடவையும் நான் குறையைத் தேடியது பட்டறையில். பட்டறைக்கு வரும்போது பாய்மரம் கழற்றப்பட்டுத் தாங்கியில் கிடக்கும். பாய்மரம் இல்லாத தளத்தில்தான் நான் குழாயால் தண்ணீர் அடித்தேன். பாய்மரம் நின்றிருக்கும்போது மழை என்ன செய்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

எழுந்து போய் விரல் முட்டியால் பாய்மரத்தைத் தட்டினேன். அது உள்ளே வெற்றான அலுமினியக் குழாய். நெஞ்சு உயரத்தில் கணீரென்றது. இடுப்பு உயரத்திலும் அப்படித்தான். முழங்காலுக்குக் கீழே தட்டியபோது ஒலியே மாறிவிட்டது. நிறைந்த தண்ணீர்க் குடத்தைத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. உச்சியில் கயிறுகள் உள்ளே நுழையும் வாய் வழியாக மழை இறங்கி, குழாயின் அடியில் தேங்கி நிற்கிறது. அது வெளியேறுவதற்காகப் பாதத்தில் ஒரு சிறு ஓட்டை வைத்திருப்பார்கள். குனிந்து அதைத் தேடினேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சீலண்ட் பசை வழவழவென்று இருந்தது. கத்தி முனையால் குத்தி எடுத்தேன். கலங்கிய தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு என் சட்டையில் அடித்தது. நிற்க வெகு நேரமானது. சிஸ்டரும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பசையை வைத்தது நான். தளத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது என்று பாதத்தைச் சுற்றித் தாராளமாக வைத்து, கட்டைவிரலால் இழுத்து விட்டிருந்தேன். இரண்டு தடவையும். உள்ளே தேங்கிய தண்ணீருக்கு வேறு வழி இல்லாமல், பாய்மர விளக்கின் ஒயர் தளத்துக்குள் இறங்கும் துளை வழியாகப் பலகைக்குள் போயிருக்கிறது. துளையின் அடிப்பக்கத்தையும் நான் அக்கறையாக அடைத்து வைத்திருந்ததால் கேபினுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. எல்லாவற்றையும் மரமே குடித்திருக்கிறது. பிறகு கிரேன் ஓட்டுநரிடம் கேட்டேன். போன தடவை பாய்மரத்தைத் தூக்கும்போது அடியிலிருந்து நிறையத் தண்ணீர் கொட்டியது என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார்.

சிஸ்டரிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். நான் செய்த தப்பு, மூன்றாவது பலகையைச் சரியாக வைத்துத் தருகிறேன், தியோமான் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, "உங்களோட வேலை செஞ்சாரே, தூத்துக்குடிக்காரர், அவராலதான்னு உங்க ஆபீஸ்ல எனக்குச் சொன்னாங்க. அவர் இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது.

மறுநாள் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். படகு சரியாகிவிட்டால் போதும், பழையதைக் கிளற வேண்டாம் என்றார். கம்பெனித் தாளில் ஒரு கடிதம் வேண்டும், ரெசின் கலவையில் குறையில்லை என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். மறுத்தார். தராவிட்டால் நாளையிலிருந்து வர மாட்டேன் என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது.

அதைக் கொடுக்க ஆள் வேண்டுமே. மரியதாஸின் பழைய எண் வேலை செய்யவில்லை. அவருடைய ஊர்க்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வருவார் என்று யாரோ சொன்னார்கள். போனேன். ஞாயிறு சாயந்திரம் தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சிராங்கூன் ரோட்டிலிருந்து ரேஸ் கோர்ஸ் ரோடு வரை தலைகள்தான். அந்த ஊர்க்காரரின் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. தூத்துக்குடிக்காரர் யாராவது உண்டா என்று கூட்டம் கூட்டமாகப் போய்க் கேட்டேன். சிலர் என்னை ஏஜெண்ட் என்று நினைத்து நழுவிவிட்டார்கள். அன்று கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறு, காய்கறிக் கடைகளுக்குப் பக்கத்தில் போன் கார்டு வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், மரியதாஸ் என் சித்தி மகன்தான் என்றார். அங்கேயே தன் போனில் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

"நான் காசிம் பாய் பேசுறேன்" என்றேன்.

"சொல்லுங்க பாய். நல்லா இருக்கீங்களா?" என்றார்.

எதிரே வண்டிச் சத்தம், பக்கத்தில் பாட்டுச் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரெசினில் தப்பில்லை, பாய்மரத்தின் அடியில் தண்ணீர் போகும் ஓட்டையை நான்தான் அடைத்திருந்தேன் என்றேன்.

"அது எனக்குத் தெரியும் பாய்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க அடைக்கும்போது பக்கத்துலதான நின்னேன். 'பாய், அந்த ஓட்டை தண்ணி போறதுக்குத்தான, அத ஏன் அடைக்கிறீங்க'ன்னு கேட்டேன். 'எனக்குத் தெரியும்லா, நீ வேலையப் பாரு'ன்னீங்க."

அப்படியானால் முதலாளி முன்னால் ஏன் அதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன் பாய். ஞாபகம் இருந்தும் சொல்லாம நிக்கிறீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நான் சொல்லி என்ன ஆகப்போகுது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்தப் பக்கம் ரயில் நிலையம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நடந்தேன். பிறந்ததிலிருந்து தெரிந்த இடம் அது.

கடிதத்தை அனுப்பி வைத்தேன். அவர் மறுபடி சிங்கப்பூருக்கு வரவில்லை. பட்டறைக்கு வரச் சொல்லி நான் இரண்டு முறை கேட்டும், வேண்டாம் பாய் என்றுவிட்டார். அந்தக் கடிதத்தைக் காட்டித் துபாயில் படகு கட்டும் இடமொன்றில் வேலை வாங்கிக்கொண்டார். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவார், கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்புவேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சிஸ்டருடைய மூன்றாவது பலகை இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. அடுத்த வருடம் தியோமான் போய்விட்டு வந்து, கதவு நன்றாக மூடுகிறது என்று சொன்னார்.

எனக்குப் பிடிபடாதது வேறு. மரியதாஸ் என்னிடம் கேட்டதும், நான் அப்படிப் பதில் சொன்னதும் எனக்கு நினைவில் இல்லை. அன்றைய மழை நினைவிருக்கிறது. என்ன சாப்பிட்டோம் என்பதுகூட நினைவிருக்கிறது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, சொல்லி அவருக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ தடவை அந்தத் தளத்தின் மேல் போய் நின்று பார்த்துவிட்டேன். பசைக் குழல் என் கையில் இருக்கிறது. அவர் பக்கத்தில் நிற்கிறார். அவர் வாய் மட்டும் திறப்பதே இல்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். யாராவது கேள்வி கேட்டால் நான் அப்படியா பதில் சொல்வேன் என்று கேட்டேன். அவர் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"'எனக்குத் தெரியும்லா.' இந்த வீட்டுல அதக் கேக்காத நாள் இருக்கா?" என்றார்.

தினமும் சொல்கிற வார்த்தையை எந்த மனிதன் நினைவில் வைத்திருப்பான்? அன்று மரியதாஸுக்கு நடந்த ஒன்று, எனக்கு நடக்கவே இல்லை.